எபிசோட் 41: கிரிக்கெட் கேம்ப், வாய்க்கால் தண்ணி, ஒரு சிவப்புத் தொப்பி

(எபிசோடின் ஒலிப்பதிவைப் படிப்பதற்கு வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது.)

மூணு வாரமா எபிசோட் வரல. "ஆள் எங்கப்பா போனே, வேலையை விட்டுட்டியா"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வேலை இருக்கு. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிட்டேன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல ஒரு கிராமம். அங்க நெட் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ரெக்கார்டிங்லாம் நடக்கவே நடக்காது.

வழக்கமா நாம இங்க ஆப், டேட்டா, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு எங்க வீட்டு லீவு கதை ஒண்ணு. கூடவே கொஞ்சம் இயற்பியல். உங்க வீட்ல அக்கா பசங்க, அண்ணன் பசங்க யாராவது 15 வயசுக்குள்ள இருந்தா, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் கேளுங்க.

முதல்ல ஆட்களை அறிமுகப்படுத்திடறேன். அக்காவும் மாமாவும் சென்னையில இருக்காங்க. ரெண்டு பசங்க. பெரியவனுக்கு 10 வயசு, கிரிக்கெட்னா உயிர். சின்னவளுக்கு 7 வயசு, எல்லாரும் கூப்பிடறது பாப்பா. பெரியவன் ஏப்ரல் கடைசியிலேயே ஒரு கோடைக்கால கிரிக்கெட் கேம்ப்ல சேர்ந்துட்டான். 30 நாள், காலையில 6 மணிக்கு கிரவுண்ட்ல நிக்கணும். கடைசி ஞாயிறு ஒரு செலக்‌ஷன் மேட்ச். அதுல நல்லா ஆடினா 12 வயசுக்குட்பட்டோர் டீம்ல இடம். பாப்பாவுக்கு ஸ்கேட்டிங். ஒரு பத்து நாள் ஊருக்கு வந்துட்டுத் திரும்பி கேம்புக்கே போயிடறதுன்னு அக்கா ஷெட்யூல் போட்டு வெச்சிருந்தா.

இந்த ஷெட்யூல்ல நீச்சலும் இருந்துச்சு. "அடுத்த வருஷம்"ங்கிற காலத்துல. போன வருஷமும் அது அங்கதான் இருந்துச்சு.

பதினைந்து செகண்ட்

வந்த மூணாவது நாள் சாயங்காலம் எல்லாரும் வாய்க்காலுக்குப் போனோம். கத்திரி வெயில் நேரம். வாய்க்கால்ல தண்ணி ஓடினா எங்க ஊர்ல பாதி சனம் அங்கதான் இருக்கும். படித்துறையில பசங்க உட்கார்ந்து கால் நனைச்சுக்கிட்டு இருந்தாங்க. மேல வேப்ப மரத்தடியில பெரியவங்க அஞ்சு பேர். அக்கா தர்பூசணி நறுக்கிட்டு இருந்தா. மாமா போன்ல. நானும் போன்ல, அதுவும் பசங்களைத்தான் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன். எங்களுக்கும் தண்ணிக்கும் நடுவுல நாலு மீட்டர் இருந்திருக்கும்.

பெரியவன் திடீர்னு கேட்டான்: "மாமா, பாப்பா ஏன் மேலயே பார்த்துட்டு இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். பாப்பா படியில இல்ல. படியிலிருந்து ரெண்டடி தள்ளி, தண்ணிக்குள்ள நேரா நின்ன மாதிரி இருந்தா. தலை பின்னாடி சாய்ஞ்சிருக்கு, முடி முகத்துல ஒட்டியிருக்கு, வாய் தண்ணி மட்டத்துல திறந்து திறந்து மூடுது. சத்தம் இல்ல, கையைத் தூக்கி ஆட்டல, தண்ணி கூட பெருசா கலங்கல. விளையாடறான்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. அந்த எண்ணத்துலயே ஒரு செகண்ட் போயிடுச்சு.

குதிச்சேன். எனக்கு நெஞ்சளவு தண்ணிதான். தூக்கி மேல போட்டேன். இருமி, வாந்தி எடுத்து, அப்புறம்தான் அழுதா. அந்த அழுகையைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதி இருக்கே, அதை சொல்ல முடியாது. உடனே கோபிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினோம். ராத்திரி முழுக்க கவனிச்சாங்க, காலையில அனுப்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்து, எடுத்துக்கிட்டிருந்த வீடியோவைப் பார்த்தேன். பாசி பிடிச்ச படியில அவ கால் வழுக்கினதுலிருந்து நான் குதிச்ச வரைக்கும் 15 செகண்ட். ஃபிரேம் ஓரத்துல எல்லாம் பதிவாகியிருக்கு. வீடியோ எடுத்த ஆள் நான். எனக்கே அது தெரியல. அந்த வீடியோவை யாருக்கும் காட்டாம டெலீட் பண்ணிட்டேன்.

மூழ்கறவங்க ஏன் கத்த மாட்டாங்க?

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, உட்கார்ந்து படிச்சேன். ஃபிராங்க் பியான்னு ஒருத்தர். நியூயார்க்ல ஆர்ச்சர்டு பீச்ல உயிர்காப்பாளரா இருந்தவர். தண்ணியில தத்தளிக்கிறவங்களை உண்மையாவே படம் பிடிச்சு, திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு விஷயத்தைச் சொன்னார். மூழ்கறவங்க சினிமால வர்ற மாதிரி கையை ஆட்டிக் கத்தறதில்ல. அவங்க உடம்பு தன்னிச்சையா வேற ஒரு நிலைக்குப் போயிடுது.

காரணம் ரொம்ப எளிமை. பேசறதுக்கு முதல்ல மூச்சு வேணும். வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்தக் கொஞ்ச நேரத்துல உடம்பு மூச்சை இழுக்கத்தான் பார்க்கும், கத்தறதுக்கு அதுல இடமே இல்ல. கைகள் ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு தண்ணியைக் கீழே அழுத்தும், வாயை மேல கொண்டுவர. அதனால கையைத் தூக்கி உதவி கேட்கவும் முடியாது, நீட்டின கயிறைப் பிடிக்கவும் முடியாது. உடம்பு செங்குத்தா நிக்கும், கால் உதைக்காது. இப்படி 20 முதல் 60 செகண்ட் வரைக்கும்தான் தண்ணி மட்டத்துல தாக்குப்பிடிக்க முடியும்.

பெரியவன் பார்த்தது இதைத்தான்: "மேலயே பார்த்துட்டு இருக்கா."

உலக சுகாதார நிறுவனம் 2024-ல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. 2021-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்காங்கன்னு அதுல மதிப்பிட்டிருக்காங்க. ஒரு மணி நேரத்துக்கு 30 பேருக்கு மேல. 5 முதல் 14 வயது வரையிலான குழந்தைகள் இறக்கிற காரணங்கள்ல இது மூணாவது இடத்துல இருக்கு. ஐ.நா. சபை 2021-லிருந்து ஜூலை 25-ஐ உலக நீரில் மூழ்கல் தடுப்பு நாளா வெச்சிருக்கு. இப்படி ஒரு நாள் இருக்கறதே எனக்கு அந்த ராத்திரி வரைக்கும் தெரியாது.

அப்புச்சியோட எண்ணெய் கேன்

மறுநாள் காலையில வீட்ல பெரிய சண்டை. "இனிமே தண்ணிப் பக்கமே போகக் கூடாது, நாளைக்கே கிளம்பறோம்"னு அக்கா. எங்க அப்பா, அதாவது பசங்களோட அப்புச்சி, காபியைக் குடிச்சு முடிச்சுட்டு மெதுவா சொன்னார்: "பயந்த கையோட கூட்டிட்டுப் போனீன்னா, காலத்துக்கும் தண்ணியைப் பார்த்தா ஒதுங்கத்தான் தோணும். அப்புறம் என்னைக்கோ ஒரு நா, நீ பக்கத்துல இல்லாதப்ப, சிநேகிதங்களோட போவாங்க. அன்னைக்கு என்ன பண்ணுவே?"

அக்கா பதில் சொல்லல. ரெண்டு நாள் யோசிச்சா. அப்புறம், மூணு வாரம் இருக்கறதுன்னு முடிவு பண்ணினா. அப்படின்னா கேம்ப் போச்சு, கட்டின ஃபீஸ் போச்சு, செலக்‌ஷன் மேட்சும் போச்சு. பெரியவன் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அவன் பக்கம் நியாயம் இருக்கு. வழுக்கினது அவ, பார்த்துச் சொன்னது அவன், மேட்ச் போனது அவனுக்கு.

நீச்சல் கத்துக்கிட்டது எங்க தோட்டத்துக் கிணத்துல. நானும் அங்கதான் கத்துக்கிட்டேன். அப்போ முதுகுல காய்ஞ்ச சுரைக்குடுக்கை கட்டி விடுவாங்க. இப்போ குடுக்கை கிடைக்கல. அப்பா 5 லிட்டர் எண்ணெய் கேனை நல்லா கழுவி, மூடியை இறுக்கி, துண்டால முதுகுல கட்டினார். இடுப்புல ஒரு கயிறு, அதோட மறுமுனை மேல என் கையில. அப்பா தண்ணிக்குள்ள, கைக்கெட்டற தூரத்துல. மோட்டார் சுவிட்சை ஆஃப் பண்ணி ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி பாக்கெட்ல வெச்சுக்கிட்டுத்தான் இறங்குவார். இதெல்லாம் ஒழுங்கா இருந்தாதான் அன்னைக்குப் பாடம்.

இங்க கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணி 1 கிலோ. நம்ம உடம்பும் கிட்டத்தட்ட அதே அடர்த்திதான். மூச்சை முழுசா இழுத்து வெச்சா பெரும்பாலானவங்களோட உடம்பு தண்ணியைவிடக் கொஞ்சூண்டு லேசா ஆகும். வெளிய விட்டா கொஞ்சூண்டு கனமாகும். அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது. ரெண்டு சதவீதம் லேசா இருக்குன்னு வெச்சுக்குங்க. பாப்பாவோட எடை 22 கிலோ. அப்போ அவ உடம்புல அரை லிட்டருக்கும் குறைவான அளவுதான் தண்ணிக்கு மேல சும்மா நிக்க முடியும். அவ்வளவுதான் பட்ஜெட்.

அந்த அரை லிட்டரை எதுக்குச் செலவு பண்றோம்ங்கிறதுதான் கேள்வி. மல்லாந்து படுத்தா மூக்கும் வாயும் மட்டும் வெளிய இருக்கும், போதும். பயத்துல ஒரு கையைத் தூக்கினா? ஒரு குழந்தையோட கை சுமார் 1 கிலோ. கை வெளிய வந்தா, அந்த அளவுக்கு வேற ஏதாவது உள்ள போகணும். உள்ள போறது முகம்தான். தலை முழுசையும் வெளிய நீட்டப் பார்த்தாலும் இதே கதி.

அப்பாவுக்கு அடர்த்திக் கணக்கு எல்லாம் தெரியாது. ஆனா முதல் நாளே அவர் சொன்னது இதுதான்: "கண்ணு, கையைத் தூக்காதே. காதை நனைச்சுட்டு வானத்தைப் பாரு. மூச்சை நெஞ்சுல வெச்சுக்கோ."

காதை நனைக்கறது. மல்லாந்து மிதக்க இதுக்கு மேல ஒரு அறிவுரை நான் கேட்டதில்ல. காது தண்ணிக்குள்ள போனாதான் தலையோட எடையைத் தண்ணி தாங்கும்.

கேன் விஷயத்துலயும் மனுஷன் கில்லாடி. காலி 5 லிட்டர் கேன் கிட்டத்தட்ட 5 கிலோ தூக்கும். நாலு நாள் கழிச்சு அதுல 2 லிட்டர் தண்ணி ஊத்தினார். இப்போ அது தூக்கறது 3 கிலோ. அப்புறம் 3 லிட்டர். அப்புறம் 4 லிட்டர். பாப்பா பார்வைக்குக் கேன் அதே கேன், முதுகுல அப்படியே இருக்கு. அவளுக்கே தெரியாம அது வேலையைக் குறைச்சுக்கிட்டே வந்துச்சு. பதினாலாவது நாள் கேன் நிறைய தண்ணி. அதாவது, கேன் எதையுமே தூக்கல. அப்பா அன்னைக்கு சாயங்காலம்தான் அவகிட்ட சொன்னார்.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். இந்தக் கேன் உயிர்காப்புக் கருவி இல்ல. மூடி கழன்றா போச்சு. பக்கத்துல நீச்சல் தெரிஞ்ச ஆள், இடுப்புல கயிறு, இது ரெண்டும் இல்லாம யாரும் முயற்சி பண்ணாதீங்க. உங்க ஊர்ல நீச்சல் குளமும் கோச்சும் இருந்தா அங்க போங்க, அதுதான் நல்லது.

ஃபீல்டரோட த்ரோ

பெரியவன் ஒரு வாரத்துல மிதக்கக் கத்துக்கிட்டான். ஆனா முகத்துல சிரிப்பு இல்ல. அப்போதான் நான் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு கேன்ல கால்வாசி தண்ணி ஊத்தி, 10 மீட்டர் கயிறு கட்டி, வாய்க்கால் கரையில நிக்க வெச்சு, "அந்தப் பக்கம் மிதக்கற தேங்காய் மட்டைக்குப் பக்கத்துல விழணும், எறி"ன்னேன். கேன் ஏன் காலியா இருக்கக் கூடாதுன்னா, லேசான பொருள் காத்துல தூரம் போகாது. கொஞ்சம் கனம் வேணும்.

பையன் ஃபீல்டர் இல்லையா? முதல் நாள் பத்துக்கு நாலு. நாலாவது நாள் பத்துக்கு எட்டு. கயிறோட நுனியைக் கால்ல மிதிச்சுக்கிட்டு, உடம்பைத் தாழ்த்தி, அடுத்தவன் தோள் தாண்டி விழற மாதிரி எறியறான். கேம்ப்ல கத்துக்கிட்டது வீண் போகல.

அவனுக்கு ஒரே ஒரு விதிதான்: எறி, கத்து, ஆனா குதிக்காதே. செய்தித்தாள்ல நீங்க அடிக்கடி பார்ப்பீங்க, ஒரு பையன் மூழ்கினான், காப்பாத்தப் போன அண்ணனும் மூழ்கினான்னு. தத்தளிக்கிறவங்க கிடைச்சதை அழுத்தி மேல ஏறத்தான் பார்ப்பாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, உடம்பு அப்படி வேலை செய்யுது. 10 வயசுப் பையனால அந்த எடையைத் தாங்க முடியாது.

கையில கயிறு இல்லாட்டி? 2020 ஆகஸ்ட்ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்துல நடந்ததை நினைச்சுப் பாருங்க. நாலு இளைஞர்கள் தண்ணியில சிக்கிட்டாங்க. அங்க இருந்த மூணு பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி ரெண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தாங்க. மத்த ரெண்டு பேரைக் காப்பாத்த முடியல. தமிழ்நாடு அரசு அந்த மூணு பேருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்துச்சு. சேலை, வேட்டி, துண்டு, மூங்கில் கழி, மூடி போட்ட காலி பாட்டில்னு கண்ணுல படற எதுவும் கயிறுதான்.

இழுத்துப் போட்டதுக்கு அப்புறம் மூச்சு இல்லைன்னா, வயித்தை அமுக்கறது, தலைகீழா தூக்கிச் சுத்தறது ரெண்டும் வேண்டாம். 108-க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும். இன்னொருத்தர் உடனே வாயில மூச்சு கொடுக்கணும், நெஞ்சை அழுத்தணும். தண்ணி விபத்துல குறையறது ஆக்சிஜன், அதனாலதான் மூச்சு முக்கியம். இதை ஒரு நாள் முதலுதவி வகுப்புல பொம்மை மேல செஞ்சு பழகிக்குங்க. நான் பழகப் போறேன்.

சிவப்புத் தொப்பி

இப்போ எங்க தப்புக்கு வரேன். வாய்க்கால் கரையில அஞ்சு பெரியவங்க இருந்தோம். ஒருத்தர் மட்டும் இருந்திருந்தா பாப்பாவை விட்டுக் கண்ணை எடுத்திருக்க மாட்டார். அஞ்சு பேர் இருந்ததாலதான் எல்லாரும் எடுத்தோம். "யாராவது பார்த்துக்கிட்டுதான் இருப்பாங்க."

ஐ.டி.ல இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல. சர்வர் விழுந்தா டீம் மொத்தமும் பார்த்துக்கும்னு விட்டா யாருமே பார்க்க மாட்டாங்க. அதனாலதான் ஆன்-கால் முறை வெச்சிருக்கோம். இந்த நேரம் முதல் இந்த நேரம் வரைக்கும் இவர்தான் பொறுப்புன்னு பேர் எழுதியிருக்கும். ஆபீஸ்ல ஒரு வெப்சைட்டுக்கு இவ்வளவு பண்ற நான், வீட்டுக் குழந்தைக்குப் பண்ணல.

வீட்ல ஒரு பழைய சிவப்புத் தொப்பி இருந்துச்சு. விதி இதுதான்: பசங்க தண்ணிப் பக்கம் இருக்கற வரைக்கும் அந்தத் தொப்பி யாராவது ஒருத்தர் தலையில இருக்கணும். தொப்பி போட்டவர் கையில போன் இல்ல, சாப்பாடு இல்ல, அரட்டை இல்ல. 15 நிமிஷம்தான் ஷிஃப்ட். அடுத்தவர் தலையில வெச்சு, "பார்த்துக்குங்க"ன்னு சொல்லி, அவர் "சரி"ன்னு சொன்ன பிறகுதான் எந்திரிக்கலாம். முதல் நாள் எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாயி தலையில தொப்பி வெச்சப்போ போட்டோ எடுக்கலாமான்னு மாமா கேட்டார். "எடுங்க, என்கிட்ட பேச்சுக் கொடுக்காதீங்க"ன்னு அம்மா தண்ணியைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க.

கிணறு வேற, ஆறு வேற, கடல் வேற

பாப்பா இப்போ கிணத்துல அஞ்சு நிமிஷம் மல்லாந்து மிதப்பா, திரும்பிப் படிக்கு வந்து பிடிப்பா. அவளுக்கு நீச்சல் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்தக் கிணத்தைத் தெரியும்.

ஆத்துல தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, அது நம்ம காலைத் தள்ளற விசை நாலு மடங்காகும். மணல் அள்ளின குழி வெளிய தெரியாது, முழங்கால் ஆழத்துல நடந்துக்கிட்டே இருக்கும்போது அடுத்த அடியில ஆளே மூழ்கற ஆழம். அணையில தண்ணி திறந்தா மட்டம் மளமளன்னு ஏறும்.

கடல்ல வேற சிக்கல். கரைக்கு வந்த அலைத்தண்ணி திரும்பிப் போக ஒரு குறுகலான பாதையைப் பிடிக்கும். அந்த இடத்துல அலை உடையாது. அதனால பார்க்கறதுக்கு அமைதியா, "இங்க குளிக்கலாம்"ங்கிற மாதிரி இருக்கும். அந்த நீரோட்டம் நொடிக்கு 2.4 மீட்டர் வரைக்கும் வேகமா ஓடினதா அளந்திருக்காங்க. பிரேசில் வீரர் சீசர் சியேலோ 2009-ல 50 மீட்டரை 20.91 செகண்ட்ல நீந்தினார். வகுத்துப் பாருங்க, நொடிக்கு 2.39 மீட்டர். அவரே எதிர்த்து நீந்தினாலும் நின்ன இடத்துலதான் நிக்கணும். சிக்கிட்டா எதிர்த்துப் போராடாம மிதங்க, முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்தப் பாதையை விட்டு வெளிய வாங்க, ஒரு கையை அசைச்சு உதவி கேளுங்க. சென்னைக் கடற்கரையில பசங்களோட போனா கணுக்காலோட நிறுத்திக்குங்க.

முடிக்கறதுக்கு முன்னாடி பெரியவனைப் பத்தி. அந்த டீம்ல அவனுக்கு இடம் கிடைக்கல. அடுத்த செலக்‌ஷன் எப்போன்னு இன்னும் சொல்லல. நேத்து அவன்கிட்டே பேசினேன். "கோவம் போச்சாடா?"ன்னு கேட்டேன். "பாதி போச்சு"ன்னான். மீதியைக் குறைக்க என்ன பண்ணணும்னு கேட்டா, ஒரு இங்கிலீஷ் வில்லோ பேட் வேணுமாம். விலையைப் பார்த்தேன். பார்க்கலாம்.

இந்த ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஆறு, அணை, பீச், ரிசார்ட்னு எங்க கிளம்பினாலும், பையில துண்டு எடுத்து வெக்கும்போது ஒரு தொப்பியும் எடுத்து வெச்சுக்குங்க. முதல் 15 நிமிஷம் அது யார் தலைக்குன்னு வண்டியிலயே பேசி முடிச்சுடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.